ரெனே ஃபவலோரோ: கிராமத்து வைத்தியர், பைபாஸ் சத்திரசிகிச்சையின் முன்னோடி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இதய நோயாளர் ஒருவருக்கு "பைபாஸ் செய்ய வேண்டும்" என்று வைத்தியர் சொன்ன அன்றே, கொழும்புக்குப் போவதா கண்டிக்குப் போவதா, துணைக்கு யார் நிற்பது, இரத்தம் கொடுக்க யாரை அழைப்பது என்ற பேச்சு அந்த வீட்டில் தொடங்கிவிடுகிறது. அந்தச் சத்திரசிகிச்சையை எந்த நாட்டிலும் செய்யக்கூடிய ஒழுங்கான முறையாக நிலைநிறுத்தியவர், அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சின்னஞ்சிறு விவசாய ஊரில் பிரசவமும் காய்ச்சலும் பார்த்த வைத்தியர் என்பது எம்மவர்களில் பலருக்குத் தெரியாது. நோயாளரின் குடும்பத்தினரும் உயர்தர உயிரியல் மாணவரும் வழமையாகக் கேட்கும் கேள்விகளை ஒட்டி அவரது வாழ்வும் பணியும் இங்கே தரப்படுகின்றன.

ரெனே ஃபவலோரோ யார்?

ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த இதய சத்திரசிகிச்சை நிபுணர். 1923 ஜூலை 12 இல் பிறந்து 2000 ஜூலை 29 இல் மறைந்தார். காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு இதயத்தின் அடைபட்ட நாடியைச் சீர்செய்யும் முறையை 1967 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தில் தொடங்கி வளர்த்தெடுத்தவர் என்பதே உலகம் அவரை அறிந்திருக்கும் காரணம்.

அவரது குடும்பப் பின்னணி எத்தகையது?

லா பிளாட்டா நகரின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரனாக அவர் பிறந்தார். தகப்பனார் தச்சுத் தொழிலாளி, தாயார் தையல் வேலை செய்தவர். தகப்பனாரின் பட்டறையில் மரம் இழைக்கப் பழகிய கைகள் பின்னாளில் மூன்று, நான்கு மில்லிமீற்றர் அகலமேயுள்ள நாடிகளைத் தைத்தன என்பதை அவரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். எனினும் அவர் தமக்கு வழிகாட்டியதாக நன்றியோடு நினைவுகூர்ந்தது தோட்டத்தில் மண்ணையும் பயிரையும் நேசிக்கக் கற்றுக்கொடுத்த தம் பாட்டியாரைத்தான். காய்ந்துபோன ஒரு கொப்பிலும் அழகைக் காணக் கற்பித்தவர் என்று எழுதித் தமது கலாநிதிப் பட்ட ஆய்வை அவருக்கே அர்ப்பணித்தார்.

நகரத்து வைத்தியசாலையில் பதவி காத்திருக்க, அவர் ஏன் கிராமத்துக்குப் போனார்?

1949 இல் லா பிளாட்டா தேசிய பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபோது, அவர் பயிற்சி பெற்ற வைத்தியசாலையிலேயே பதவி ஒன்று வெற்றிடமாக இருந்தது. அந்தப் பதவிக்கான படிவத்தில், அப்போதைய ஆட்சியாளரின் அரசியல் கோட்பாட்டை ஏற்றுக்கொள்வதாக ஒப்பமிட வேண்டியிருந்தது. தகுதியை வைத்தே வைத்தியரைத் தெரிவுசெய்ய வேண்டும், கட்சிப் பற்றை வைத்து அல்ல என்று கருதிய அவர் ஒப்பமிட மறுத்தார். அந்த வேளையில், லா பம்பா மாகாணத்தின் ஹசிந்தோ அராவுஸ் என்ற ஊரில் வாழ்ந்த உறவினர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அங்கிருந்த ஒரேயொரு வைத்தியர் நோயுற்றுவிட்டார், சில மாதங்களுக்கு வந்து அவருடைய இடத்தில் நின்று உதவ முடியுமா என்று அக்கடிதம் கேட்டது. 1950 இல் அங்கே போனவர் 1962 வரை அங்கேயே இருந்தார்.

அரசியல் செல்வாக்கினால் பதவியும் இடமாற்றமும் கிடைக்கும் அனுபவம் எமது மாவட்டங்களில் அரச பணியில் இருப்போருக்குப் புதியதன்று. ஃபவலோரோ அந்த அனுபவத்தைப் பற்றி முறைப்பட்டுக்கொண்டு காலம் கழிக்கவில்லை என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு கதவு மூடப்பட்டது, அடுத்த நாள் நோயாளர் இருந்த இடத்துக்குப் போனார்.

ஹசிந்தோ அராவுஸில் அவர் என்ன செய்தார்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்; அவரது வாழ்க்கையில் எமது வாசகருக்கு மிகவும் நெருக்கமான பகுதி இதுவே. கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் சூழ்ந்த, சில ஆயிரம் மக்கள் மட்டுமே வாழ்ந்த ஊர் அது. பெரிய வைத்தியசாலைக்குப் போவதென்றால் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும். 1951 இல் தமது பாடசாலைக் காலத் தோழியான மரியா அன்டோனியாவை மணந்து அங்கே குடியமர்ந்தார். பின்னர் அவரது தம்பி ஹுவான் ஹோசேயும் வைத்தியராகி வந்து சேர்ந்துகொள்ள, அண்ணனும் தம்பியுமாக ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தி, சத்திரசிகிச்சைக் கூடம், ஆய்வுகூடம், எக்ஸ்றே இயந்திரம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர்.

அதைவிட முக்கியமானவை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே நடந்தன. பிள்ளைகள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, சுத்தமில்லாத பிரசவம், வயிற்றோட்டம், போசாக்கின்மை ஆகியவையே காரணம் என்று கண்டனர். ஆகவே ஊர் மருத்துவிச்சிகளை ஒதுக்கிவைக்காமல் அவர்களை அழைத்துச் சுத்தமான பிரசவ முறைகளைப் பழக்கினர். ஆசிரியர்களின் துணையோடு தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் சுகாதாரம் கற்பித்தனர். சில ஆண்டுகளில் அந்தப் பகுதியில் குழந்தை மரணம் ஏறத்தாழ இல்லாமற்போனது.

சேமிப்பு வசதியுள்ள இரத்த வங்கி அங்கே இல்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி "நடமாடும் மனிதரே இரத்த வங்கி" என்பது: ஊரில் யார் யாருக்கு எந்த இரத்த வகை என்று பட்டியல் எழுதி வைத்து, தேவைப்படும் நேரத்தில் அந்த வகைக்காரரை ஆளனுப்பி அழைத்து, அங்கேயே இரத்தம் எடுத்து நோயாளருக்கு ஏற்றினர். இன்று பாதுகாப்புப் பரிசோதனைகள் இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் கோவில் முன்றலிலும் பள்ளிவாசலிலும் பாடசாலை மண்டபத்திலும் இரத்ததான முகாம் நடத்திப் பழகிய எமது இளைஞர்களுக்கு, அந்தப் பட்டியலின் பெறுமதியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாற்பது வயதை நெருங்கிய கிராமத்து வைத்தியர் இதய சத்திரசிகிச்சையை எப்படிக் கற்றார்?

கிராமத்தில் இருந்த காலம் முழுவதும் அவர் மருத்துவச் சஞ்சிகைகளை வாசிப்பதை விடவில்லை. அவ்வப்போது லா பிளாட்டாவுக்குச் சென்று தம் பழைய ஆசிரியர்களோடு சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்று புதியவற்றைத் தெரிந்துகொண்டார். இதய சத்திரசிகிச்சையில் நடந்துவந்த மாற்றங்கள் அவரை ஈர்த்தன. பேராசிரியர் மைனெற்றியின் ஆலோசனைப்படி 1962 இல் கிளீவ்லாந்துக்குப் போனார். அவருடைய ஆங்கிலம் அப்போது குறைவு. வெளிநாட்டு வைத்தியர் அமெரிக்காவில் பணிசெய்வதற்கான தகுதிப் பரீட்சையையும் அவர் எழுதியிருக்கவில்லை. எனவே சம்பளமில்லாத பார்வையாளராகவே தொடங்கினார். நோயாளரின் கட்டிலைத் தள்ளினார், இதய நுரையீரல் இயந்திரத்தின் பாகங்களைக் கழுவினார், பரீட்சைக்கும் படித்துச் சித்தியடைந்தார். பிரிவின் தலைவர் டொனால்ட் எஃப்லர் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

பகல் வேலை முடிந்த பிறகு அவர் போன இடம் மேசன் சோன்ஸ் என்ற இருதயவியல் நிபுணரின் படச்சுருள் களஞ்சியம். 1958 ஒக்டோபரில், சோன்ஸ் பெருநாடியைப் படம்பிடிக்க முற்பட்டபோது, குழாய் தற்செயலாக, இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் நாடிகளில் ஒன்றான வலது முடியுரு நாடிக்குள் நுழைந்துவிட, படத்தில் நாடி தெரிவதற்காகச் செலுத்தும் நிறமி முழுவதும் அந்தச் சிறு நாடிக்குள்ளேயே பாய்ந்தது. நோயாளரின் இதயம் சில கணங்கள் நின்றது. இருமச் சொன்னதும் மீண்டும் துடித்தது. உயிருள்ள மனிதரின் இதய நாடிகளைத் தனித்தனியாகப் படம்பிடிக்கலாம் என்பது அன்றுதான் தெரியவந்தது. இன்று எமது நோயாளர் "அஞ்சியோகிராம்" என்று சொல்லும் பரிசோதனை அதிலிருந்து வளர்ந்தது. ஃபவலோரோ அந்தப் படச்சுருள்களை இரவிரவாகப் பார்த்து, எந்த நாடி எங்கே அடைபடுகிறது, அடைப்புக்கு அப்பால் நாடி எப்படி இருக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை வெற்றியடைந்ததற்கு இந்தப் பொறுமையான படிப்பே அடிப்படை என்பது என் உறுதியான கருத்து.

பைபாஸ் செய்யும்போது இதயத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

இதயம் உடலுக்கெல்லாம் குருதியை அனுப்பினாலும், அதன் தசைக்கு வேண்டிய குருதி பெருநாடியின் அடியிலிருந்து புறப்படும் இடது, வலது முடியுரு நாடிகள் மூலமே வருகிறது. அந்த நாடிகளின் சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது நெஞ்சு நோவும், முற்றாக அடைபடும்போது மாரடைப்பும் ஏற்படுகின்றன. வாய்க்கால் ஓரிடத்தில் தூர்ந்துவிட்டால், தூர்ந்த இடத்துக்கு மேலேயிருந்து புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டிக் கீழ்வயலுக்குத் தண்ணீர் விடுவது எமது விவசாயிகளுக்குத் தெரிந்த வேலை. பைபாஸும் அதைப் போன்றதே: காலின் தோலுக்கு அடியிலுள்ள நீண்ட நாளத்தின் ஒரு பகுதியை எடுத்து, ஒரு நுனியைப் பெருநாடியிலும் மறுநுனியை அடைப்புக்கு அப்பாலுள்ள நாடியிலும் தைக்கிறார்கள். அடைப்பு அகற்றப்படுவதில்லை.

1967 மே 9 அன்று என்ன நடந்தது?

அதற்கு முன்னர் கிளீவ்லாந்தில் இரண்டு முறைகள் பயன்பட்டன. கனேடிய நிபுணர் ஆர்தர் வைன்பேர்க் அறிமுகப்படுத்திய முதலாவது முறையில், மார்பின் உட்சுவரிலுள்ள நாடியை இதயத் தசைக்குள் புதைத்துவிடுவர். புதிய சிறு குழாய்கள் வளர்ந்து குருதி போய்ச் சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மற்றைய முறையில் குறுகிய நாடியை நீளவாட்டில் திறந்து ஒட்டுப் போட்டு அகலமாக்குவர். இதில் குருதி உறைந்து மீண்டும் அடைபடும் ஆபத்து இருந்தது. அதே நிலையத்தில் சிறுநீரக நாடி அடைப்புக்குக் கால் நாளத்தைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டிருந்ததை ஃபவலோரோ கவனித்தார். சிறுநீரகத்துக்குப் பயன்படுவது இதயத்துக்கு ஏன் பயன்படக்கூடாது என்பதே அவருடைய கேள்வி.

அன்றைய நோயாளர் 51 வயதுப் பெண்மணி. வலது முடியுரு நாடி அதன் தொடக்கப் பகுதியில் முற்றாக அடைபட்டிருந்தது. ஆனால் அதற்கு அப்பாலுள்ள பகுதி இடது பக்கத்திலிருந்து வந்த சிறு கிளைகளால் குருதி பெற்று, நல்ல நிலையில் இருந்ததைச் சோன்ஸின் படம் காட்டியது. அடைபட்ட துண்டுக்குப் பதிலாகக் கால் நாளத்தின் துண்டு ஒன்று இடையிலே வைத்துத் தைக்கப்பட்டது. சில நாட்களின் பின் மீண்டும் படம்பிடித்துப் பார்த்தபோது குருதி தடையின்றி ஓடியது. வெகு விரைவிலேயே அவர் நாளத்தின் மேல் நுனியை நேரடியாகப் பெருநாடியில் தைக்கும் முறைக்கு மாறினார். இடது நாடிகள், ஒன்றுக்கு மேற்பட்ட அடைப்புகள், மாரடைப்பு ஏற்பட்டுச் சில மணித்தியாலங்களே ஆன நோயாளர் என்று படிப்படியாக எல்லையை விரித்தார். ஒவ்வொரு படியிலும் மீண்டும் படம்பிடித்துப் பலனைச் சரிபார்த்து, மரணங்களையும் மறைக்காமல் வெளியிட்டார். மற்ற நாட்டு நிபுணர்கள் இம்முறையை நம்பி ஏற்றதற்கு இந்த நேர்மை பெரிய காரணம். 1970 நடுப்பகுதிக்குள் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பைபாஸ்கள் செய்யப்பட்டிருந்தன.

அப்படியானால் உலகின் முதலாவது பைபாஸைச் செய்தவர் அவரா?

இல்லை, அப்படிச் சொல்வது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. 1960 இல் நியூயோர்க்கில் ரொபர்ட் கெட்ஸ், 1962 இல் டேவிட் சபிஸ்டன், 1964 இல் லெனின்கிராட்டில் வசிலி கொலேசொவ் ஆகியோர் வெவ்வேறு வகையில் இதை முயன்றனர். மைக்கல் டிபேக்கியின் ஹியூஸ்டன் குழுவினரும் 1964 இல் கால் நாளத்தைக் கொண்டு ஒரு பைபாஸ் செய்து, 1973 இல்தான் அதை வெளியிட்டனர். இவற்றில் சில ஒரேயொரு முயற்சியோடு நின்றன. கொலேசொவ் தொடர்ந்து செய்தாலும் அவருடைய பணி அன்று மேற்குலகைப் போய்ச் சேரவில்லை. படத்தைப் பார்த்துத் திட்டமிடுவது, ஒரே முறையைத் திரும்பத் திரும்பச் செய்து செம்மைப்படுத்துவது, மற்றவருக்குக் கற்பிப்பது ஆகிய மூன்றையும் இணைத்ததே ஃபவலோரோவின் சாதனை. அவரோ அதைத் தம் பெயரில் மட்டும் எழுதிக்கொள்ள விரும்பாமல், "நான்" என்பதற்குப் பதிலாக "நாங்கள்" என்றே சொல்லிவந்தார்.

கிறிஸ்ரியன் பர்னார்ட்டைத் தெரிந்த அளவுக்கு இவரை ஏன் தெரியவில்லை?

அதே 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் பர்னார்ட் முதலாவது மனித இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். பத்திரிகைகள் அதன் பின்னால் போயின. அது மாபெரும் சாதனைதான். எனினும், இதய மாற்றுக்கு இன்னொருவர் இறந்து இதயம் கிடைக்க வேண்டும். பைபாஸுக்கு வேண்டியது நோயாளரின் காலிலேயே இருக்கிறது. உயிர் நீட்டிப்புப் பெற்றவர்களின் தொகையில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

காலில் நாளத்தை எடுத்தால் கால் பலவீனமாகிவிடாதா?

இல்லை. காலின் குருதியில் பெரும்பங்கை ஆழத்திலுள்ள நாளங்களே மேலே கொண்டுபோகின்றன. சில வாரங்களுக்கு வீக்கமும் தழும்பு நோவும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் அந்தக் காயத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டென்ட் வந்த பிறகும் இந்தச் சத்திரசிகிச்சை தேவைப்படுகிறதா?

தேவைப்படுகிறது. 1977 இல் சூரிச்சில் அன்ட்ரியாஸ் குருன்ற்சிக் நாடிக்குள் சிறு பலூனை ஊதி அடைப்பை விரிக்கும் முறையைத் தொடங்கினார். விரித்த இடம் மீண்டும் சுருங்காதபடி நாடிக்குள் வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் அதன் தொடர்ச்சி. ஓரிரு இடங்களில் மட்டும் அடைப்பு உள்ளவருக்கும், மாரடைப்போடு அவசரமாக வருபவருக்கும் அது பெரும்பாலும் போதுமானது. மூன்று நாடிகளிலும் அடைப்பு உள்ளவர்கள், இடது பிரதான நாடியில் சிக்கலான அடைப்பு உள்ளவர்கள், குறிப்பாக நீரிழிவும் சேர்ந்தவர்கள் பலருக்குப் பைபாஸே நீண்டகாலப் பலன் தருகிறது. ஃபவலோரோவின் காலத்திலிருந்து ஒரு முக்கியமான மாற்றமும் வந்திருக்கிறது: கால் நாளங்களில் கணிசமானவை பத்து ஆண்டுகளுக்குள் அடைபடுவதால், இதயத்தின் முன்பக்க நாடிக்கு மார்பின் உட்சுவர் நாடியையே இன்று பொருத்துகின்றனர். அது பெரும்பாலும் நெடுங்காலம் திறந்தே இருக்கும்.

புகழின் உச்சியில் அவர் ஏன் நாடு திரும்பினார்?

1970 இல் எஃப்லருக்கு எழுதிய விலகல் கடிதத்தில் அவர் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். தம் நாட்டில் உரிய இதய சத்திரசிகிச்சை இல்லாததால் வசதியுள்ளவர்கள் பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள், வசதியற்றவர்களுக்குப் போக வழியில்லை என்பதே அதன் சாரம். 1971 இல் திரும்பி புவெனஸ் அயர்ஸில் பணியைத் தொடங்கினார். 1975 இல் தம் பெயரிலான மன்றத்தை நிறுவி, 1992 இல் இலாப நோக்கற்ற இதய நோய் நிறுவனத்தைத் திறந்தார். இலத்தீன் அமெரிக்கா முழுவதிலுமிருந்து வந்த நூற்றுக்கணக்கான இளம் வைத்தியர்கள் அவரிடம் பயின்று தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். அவரைத் தனியொரு சிறந்த கைவினைஞராக மட்டும் நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய மறைவு எவ்வாறு நேர்ந்தது?

2000 ஜூலை 29 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆர்ஜென்டினாவின் பொருளாதார நெருக்கடியில், காப்புறுதி அமைப்புகள் செலுத்த வேண்டிய பணம் வந்துசேராமல் மன்றம் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. உதவி கேட்டு ஜனாதிபதிக்கும் எழுதியிருந்தார். துணைவியாரை 1998 இல் இழந்திருந்தார். ஒருவருடைய இறுதி முடிவை ஒரேயொரு காரணத்தால் விளக்கிவிட முடியாது. இதை வாசிப்பவர் எவரேனும் தாங்க முடியாத மனச்சுமையோடு இருந்தால், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழைத்துப் பேசலாம். அவர் விரும்பியபடி அவரது அஸ்தி ஹசிந்தோ அராவுஸில் தூவப்பட்டது. மன்றத்தின் வைத்தியசாலையும் பல்கலைக்கழகமும் இன்றும் இயங்குகின்றன; அவருடைய பிறந்த நாளான ஜூலை 12 ஆர்ஜென்டினாவில் சமூக மருத்துவத்துக்கான தேசிய நாளாகக் கொள்ளப்படுகிறது.

தமிழ் பேசும் மண்ணில் பைபாஸ் எப்போது வந்தது?

சென்னை பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையில் 1975 இல் கே. எம். செரியன் செய்த சத்திரசிகிச்சை இந்தியாவின் முதலாவது வெற்றிகரமான பைபாஸாகக் குறிப்பிடப்படுகிறது.

எமது பகுதியில் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால் இந்த வரலாற்றிலிருந்து எதை நினைவில் கொள்ள வேண்டும்?

அடைபட்ட நாடிக்கு அப்பாலுள்ள தசை சில மணித்தியாலங்களில் இறந்துபோகிறது, இறந்த தசையை எந்தச் சத்திரசிகிச்சையும் மீட்டுத் தராது என்பதை. நெஞ்சை அழுத்துவது போன்ற நோவு, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றை "வாய்வு" என்று எண்ணி இஞ்சிக் கசாயம் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது எமது வீடுகளில் இன்னும் நடக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும். வாகரை, படுவான்கரை, பொத்துவில் போன்ற தூர இடங்களில் இருப்பவர்கள், மாரி வெள்ளத்தில் எந்தப் பாதை மூடப்படும், எந்த வைத்தியசாலைக்கு முதலில் போகலாம் என்பதை நோய் வருவதற்கு முன்பே வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து இங்கேயே பணிசெய்ய நினைக்கும் மாணவர் ஃபவலோரோவிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

கிளீவ்லாந்தை முதலில் பார்க்காமல் ஹசிந்தோ அராவுஸை முதலில் பார்க்குமாறே நான் சொல்வேன். ஒரு பிரதேச வைத்தியசாலைக்கு நியமனம் கிடைத்தால், அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரோடு உட்கார்ந்து கடந்த ஆண்டின் பிரசவங்களையும் குழந்தை மரணங்களையும் பார்க்கலாம். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களில் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தியவர்கள் யார் என்று கொப்பியைப் புரட்டி, அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு அறியலாம்; பஸ் வசதி இல்லை, அறுவடைக் காலம், மருந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள் என்று பல காரணங்கள் வரும், சிலவற்றுக்கு அந்த வைத்தியராலேயே தீர்வு காண முடியும். வாசிப்பை விடாமல் இருக்கலாம். மேற்படிப்புக்குக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதும் தவறில்லை. ஃபவலோரோவும் போனார், ஒன்பது ஆண்டுகளில் கற்றதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.